சூடேறாத வேன்

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், என் கணவரின் அண்ணன் தம்முடைய பழைய பெட்ரோல் வேனை மதுரையிலிருந்து அனுப்பிவைத்தார். வீடு இருந்த மௌலா அலியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய உபகாரம்தான். என்ன, வண்டி குடிகாரன் மாதிரி பெட்ரோலைக் குடித்தது. கரும்புகை கக்கியது. எஞ்சின் இருந்ததோ என் சீட்டுக்கு அடியில். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது என் துப்பட்டாவைப் பிழிந்தால் பெட்ரோல் சொட்டும் போலிருக்கும்.

மருந்தில் துளியூண்டு ரசாயனம் மிஞ்சியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றில் எனக்கு வேலை. மேலதிகாரி அந்த அறை வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"கைக்கு மேடம், இத்னா பெட்ரோல்? அந்தர் நக்கோ!"

இவ்வளவு பெட்ரோல் நாற்றத்தோடு உள்ளே வரக்கூடாதாம். வெளியே உட்கார்ந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்டினேன். என் தகுதிகாண் காலம் முடியப்போகிற நேரம். கருவியைத் தொடாதவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? பழையபடி பஸ்ஸில் போகலாமென்றால், அனுப்பிய வேனை ஒதுக்கிவிட்டதாக மதுரையில் வருத்தப்படுவார்கள். பயமாகத்தான் இருந்தது.

என் கணவருக்கு சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கும் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு வேனுக்குள் ஏறி, லேப்டாப்பை வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்தார். விஷயம் உடனே தெரிந்துவிட்டது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று சென்சார் சொல்ல, அதை நம்பிய கம்ப்யூட்டர், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. சென்சார் பொய் சொல்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். புதுசு வந்தது. அதுவும் அதையே சொன்னது. "இது டூப்ளிகேட்" என்று அதையும் மாற்றினார்கள்.

"ஏங்க, சூடு காட்டுற மீட்டர்ல முள்ளும்தான் ஏறல. நெசமாவே சூடாகலையோ என்னமோ?" என்றேன்.

"ஹைதராபாத் வெயில்ல எஞ்சின் சூடாகாதா? லாஜிக்கா பேசும்மா."

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெர்மாமீட்டர் சூடு இல்லை என்றால், அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனைக்கூடத்து வழக்கம்.

மதுரைக்கு, கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மாமா, வேன்ல ஏதாச்சும் கழட்டினீங்களா?"

"ஆமாம்மா! தண்ணி ஓட்டத்த மறிச்சுக்கிட்டு ஒரு வால்வு கெடந்துச்சு. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு? நாந்தான் எடுக்கச் சொன்னேன். எஞ்சின் ஜில்லுனு ஓடுதுல்ல?"

குரலில் அவ்வளவு பெருமை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைப்பதே அந்த வால்வின் வேலை. நம் பக்கத்தில் வண்டி மேல் பாசம் வைத்தவர்கள் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான்.

அரை நாள் லீவு போட்டு, செகந்திராபாத் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வால்வை மாட்டவைத்தேன். முள் ஏறி நடுவில் நின்றது. புகை போயிற்று, நாற்றமும் போயிற்று. மேலதிகாரி இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டார். கருவியின் முன்னால் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது.

வேலை நிரந்தரமான அன்று என் கணவர் நண்பர்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாமதான் கிட்டத்தட்ட கண்டுபிடிச்சிட்டோமே!"

உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக இரண்டு சென்சார்கள் குப்பைக்குப் போயிருந்தன. அதையே சொன்ன நான் தப்பித்தேன் என்றால், எனக்குக் கடையில் ஸ்பேர் கிடைக்காததுதான் காரணம்.