எரியாத பீனால்

உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒரு மதியம், டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது தோலை அரிக்கும் பீனால் திரவ பாட்டில் சாய்ந்து என் தொடையில் கொட்டியது. சல்வார் நனைந்தும் எரியவே இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. பீனால் தோலை மரத்துப்போகச் செய்து, உள்ளே இறங்கி இதயத்தைத் தாக்கும் என்று படித்திருந்தேன்.

பர்வீன் அக்கா ஓடிவந்தார். அவர் கேட்டிருந்த ஆய்வுத் தலைப்பை எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் எனக்குக் கொடுத்ததிலிருந்து என்னோடு பேசாத சீனியர் அவர்.

"ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க. நீ சல்வாரைக் கழட்டு."

ஆய்வகத்து அவசர ஷவரின் கீழே நிறுத்தி விடாமல் கழுவினார். தொடை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன், யாருடைய தொடையோ போலிருந்தது. தன் புர்காவை எனக்குப் போட்டுவிட்டு, தலையில் துப்பட்டாவோடு ஸ்கூட்டரை எடுத்தார். தாம்பரம் மார்க்கெட் நெரிசலில் அவர் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நான் செத்துடுவேனா?"

"தெரியலம்மா. பேசிக்கிட்டே வா, நிறுத்தாத."

ஆஸ்பத்திரி வரும்வரை என்னென்னவோ பேசினேன். மறுநாள்தான் டாக்டர், "இனி பயமில்ல" என்றார். தழும்போடு தப்பினேன்.

அன்று அக்கா, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போதெல்லாம் பயந்திருப்பவர்களிடம் அந்த வார்த்தையை நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறேன்.