கால் மாத்திரையில் பாதி

பூனைக்கு உடம்பு கொதிக்கிறது என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் அதற்கப்புறம் வந்தது.

அப்போது நான் சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு குடிகாட்டில். கடலூருக்குத் தெற்கே, ரசாயனக் கம்பெனிகளை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். எங்கள் ஊரில் யாருக்கு இருமல் வந்தாலும், தலை சுற்றினாலும், முருங்கை பட்டுப்போனாலும், அடுப்பில் பால் திரிந்தாலும் கம்பெனிதான் காரணம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வாய்ப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும் இருக்கவில்லை.

“நேத்து காத்து வந்துச்சா?” என்றேன். காத்து என்றால் எங்கள் ஊரில் கம்பெனி நாற்றம்.

“வந்துச்சு. முட்டகோசு அழுவுன மாதிரி. அது எப்பவும் வர்றதுதான?”

“அதான். நெஞ்சுல எறங்கியிருக்கும். நா அப்பவே சொன்னன், அதை வெளிய விடாதன்னு.”

“கடுவன் பூனையை எப்படிடா கட்டிப்போட்டு வெக்கிறது? நீ வந்து புடிச்சுக்க.”

அந்தப் பூனையைப் பற்றி நான் கவலைப்படுவது விடுதி முழுக்கத் தெரிந்த விஷயம். அதற்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் போயிருந்தன. ஒன்று லாரியில் அடிபட்டு. இன்னொன்று ஏன் என்றே தெரியாமல், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். மூன்றாவதாக வந்த இந்தச் செம்பட்டைக் கடுவனுக்குப் பேர்கூட வைக்கவில்லை. வைத்தால் போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம். “டேய்” என்றால் வரும். தினமும் அம்மா மிஸ்டு கால் கொடுப்பாள், நான் திரும்பக் கூப்பிட்டு, அப்பா வேலைக்குப் போனாரா என்று கேட்பதற்கு முன்னால் அது சாப்பிட்டதா என்று கேட்பேன். வாந்தி எடுத்ததா, தும்மியதா, எங்கே படுத்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரன் ஒரு நாள் கேட்டான்: “மச்சான், உண்மையைச் சொல்லு, ஊர்ல கல்யாணம் கில்யாணம் பண்ணி வெச்சிருக்கியா? தெனமும் சாப்டுச்சா சாப்டுச்சான்னு உசுர வாங்குற.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் மறுபடி போன் செய்தேன்.

அன்றைக்கு அம்மா கேட்டாள்: “என்னா குடுக்கட்டும் அதுக்கு?”

இந்தக் கேள்வி என்னிடம் வருவது புதிதல்ல. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மா கையெழுத்து மட்டும் போடுவாள். எட்டாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் மாத்திரை அட்டைகளை வாசித்துச் சொல்வது நான்தான். எது காலையில், எது சாப்பிட்டபின், எதன் தேதி முடிந்துவிட்டது. நாளாக ஆக, வாசித்துச் சொன்னவன் எதை விழுங்க வேண்டும் என்றே சொல்ல ஆரம்பித்தேன். யாரும் தடுக்கவில்லை. நான் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். பெரிய ஆளுக்கு ஒரு முழு மாத்திரை. பூனை மூன்று கிலோ இருக்கும். கால் மாத்திரையே ஜாஸ்தி. “காய்ச்சல் மாத்திரை இருக்குல்ல, அதை நாலா ஒடச்சு, அந்தக் காலையும் பாதியாக்கு. மீன் தண்ணியில கரைச்சு வாயில ஊத்து. இப்ப ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, காலையில ஒண்ணு.”

“பூனைக்கு மனுச மாத்திரை ஆவுமா?”

“நா படிக்கிறது என்னா, அம்மா? கெமிஸ்ட்ரி. மருந்துன்றது கெமிஸ்ட்ரிதான்.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னபடியே, அரிவாள்மனையில் வைத்து, பிசகாமல் எட்டாக வெட்டியிருக்கிறாள். மூன்று வேளையும் தவறாமல் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் பத்து மணிக்கு மிஸ்டு கால். மூஞ்சி பன்னு மாதிரி வீங்கியிருக்கிறது, வாயில் எச்சில் வடிகிறது என்றாள். வகுப்பை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் முழுக்கக் கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கலெக்டருக்கு எழுத வேண்டிய மனுவை மனதுக்குள் இரண்டு முறை எழுதித் திருத்தினேன். ‘ஐயா, வாயில்லா ஜீவன்கள்’ என்று ஒரு பத்தி. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

குடிகாட்டு நிறுத்தத்தில் அம்மா ஒயர் கூடையோடு நின்றிருந்தாள். கூடைக்குள் என் பழைய லுங்கி, லுங்கிக்குள் பூனை. ஷேர் ஆட்டோவில் மஞ்சக்குப்பத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் வீட்டின் முன்னறையில் நாய், பூனைக்குப் பார்க்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

முன்னறையில் நான்கு நாற்காலிகள். மூன்றில் நாய்க்காரர்கள். மடியில் வெள்ளை நாயை வைத்திருந்த ஒரு பெண்மணி எங்கள் கூடையை எட்டிப் பார்த்தார்.

“தெருப் பூனையா தம்பி?”

“வீட்டுப் பூனை.”

“இல்ல, எங்க வாங்குனதுன்னு கேட்டேன்.”

“வாங்கல. வந்துச்சு.”

அவர் நாயை அந்தப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். காலியாக இருந்த நாற்காலியில் அம்மா உட்காரவில்லை. “ஒக்காரும்மா” என்றேன். “பரவால்லடா” என்றாள். “ஒக்காருன்னா ஒக்காரு!” என்று கத்தினேன். மூன்று நாய்களும் குரைத்தன.

உள்ளே போனதும் நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊர் எங்கே இருக்கிறது, காற்று எந்த நேரத்தில் வருகிறது, கந்தகச் சேர்மங்கள் நுரையீரலை என்ன செய்யும். பாடப் புத்தகத்தில் படித்த நான்கு சேர்மங்களின் பேரையும் சொன்னேன். டாக்டர் கையை உயர்த்தினார்.

“தம்பி, ஒரு நிமிஷம்.”

பூனையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பிறகு உடம்பு முழுக்க விரலால் தடவிக்கொண்டே போய்ப் பின்னங்காலில் நிறுத்தினார். மயிரை விலக்கிக் காட்டினார். இரண்டு சிறிய ஓட்டைகள், சுற்றிலும் வீக்கம்.

“இன்னொரு கடுவன் கடிச்சிருக்கு. உள்ள சீழ் புடிச்சிருக்கு. அதுக்குத்தான் காய்ச்சல். காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல.” பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “ஆனா மூஞ்சி வீங்குனது இதால இல்ல. காய்ச்சல் மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?”

என் வாய் திறந்தது. 

“நாந்தாம்மா குடுத்தன்” என்றாள் அம்மா. “கொஞ்சூண்டு. ஒரே ஒரு வாட்டி.”

“கொஞ்சூண்டே பூனைக்கு வெஷம்மா. நாம ஜீரணிக்கிற மாதிரி அந்த மருந்தை அதால ஜீரணிக்க முடியாது. ரத்தமே கெட்டுப்போயிடும். யாரக் கேட்டுக் குடுத்தீங்க?”

“யாரையும் கேக்கல. நானாத்தான்.”

“காலேஜ் படிக்கிற புள்ளைய வெச்சிருக்கீங்க. அவனை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“தெரியாமப் பண்ணிட்டன்.”

எதிர்ச் சுவரில் நாய் ஜாதிகளின் படம் போட்ட ஒரு காலண்டர் தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மேலும் திட்டினார். படிக்காதவங்க வீட்ல இதான் பிரச்சினை என்றார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பூனையின் காலை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

சீழை எடுத்து, இரண்டு ஊசி போட்டு, ஒரு தடவைதான் என்றால் தாங்கிவிடும், நாளைக்குக் கொண்டுவாங்க என்று அனுப்பினார். ஒரு தடவைதான் என்றால். அந்தச் சொல் என் காதுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று தடவை என்று சொல்வதற்கு வாசற்படி வரைக்கும் நேரமிருந்தது. செருப்பை மாட்டுகிற நேரம்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாமேல் பாய்ந்தேன். “ஏன் பொய் சொன்ன? யாரு உன்னைப் பொய் சொல்லச் சொன்னா?”

“உன்னைத் திட்டும்டா அந்தம்மா. எனக்குன்னா பரவால்ல, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான நெனைப்பாங்க.”

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா கூடையைப் பார்த்தார். “இந்த ஊர்ல பூனைக்கு டாக்டரு ஃபீஸ் குடுத்த மொத ஆளு நீதான்டா. பேப்பர்ல போடச் சொல்லு” என்றார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அதுவும் தெரிந்துதான் எழுந்தேன். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபப்பட ஒரு காரணம் வேண்டியிருந்தது. டாக்டர், வெள்ளை நாய்க்காரி, கடித்த கடுவன், ஆட்டோக்காரன். ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பார்த்தேன். யாருமே சரியாகப் பொருந்தவில்லை.

காலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. லுங்கியில் அது பெய்திருந்த மூத்திரம் டிக்காஷன் மாதிரி இருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. “டேய்” என்றேன். ஒரு காது மட்டும் திரும்பியது.

மறுபடி அம்மா, மறுபடி ஒயர் கூடை, மறுபடி ஆட்டோ. நாற்காலிக்காரர்கள் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனேன். வரிசை என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் ஈறைப் பார்த்தார், முகம் மாறியது.

“ஏம்மா, ஒரு வாட்டிதான குடுத்தேன்னு சொன்னீங்க?”

“ஆமாம்மா, ஒரு...”

“மூணு தடவை!” என்று கத்தினேன். “மூணு தடவை. நான்தான் குடுக்கச் சொன்னன். போன்ல சொன்னன். கால்ல பாதி, கால்ல பாதி, கால்ல பாதி. அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவுங்க கேட்டாங்க, பூனைக்கு ஆவுமான்னு கேட்டாங்க. நான்தான் ஆவும்னு சொன்னன்.”

நான் எதிர்பார்த்தது எனக்கே தெரியும். நேற்று அம்மாவுக்குக் கிடைத்ததைவிட இரண்டு மடங்கு எனக்குக் கிடைக்க வேண்டும். படிச்சவன் பண்ற வேலையா இது என்று அவர் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை.

“கடைசியா எத்தனை மணிக்குக் குடுத்தது?”

“நேத்து காலையில ஆறு மணி” என்றாள் அம்மா.

“இதை நேத்தே சொல்லியிருந்தா நேத்தே ஆரம்பிச்சிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். ஒரு சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். “இது மனுஷங்க மருந்துதான். பெரிய மெடிக்கல்ல கேளுங்க. ஓடுங்க.”

முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் இருக்கிறது என்றான். எடுத்துக்கொண்டே, “பேஷன்டுக்கு என்ன வயசு சார்?” என்றான். “ஒன்றரை” என்றேன். “கொழந்தையா?” என்று பதறினான். நான் பதில் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

முன்னங்காலில் ஊசி குத்தி, குளுக்கோஸ் ஏற்றி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த மருந்து. மதியம் வரைக்கும் அம்மாவும் நானும் அந்த மேஜைக்கு இரு பக்கமும் நின்றோம். எனக்கு இடையிடையே ஈறைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. “பாத்துக்கிட்டே இருந்தா நெறம் மாறாது தம்பி” என்றார் டாக்டர். மூன்று மணிவாக்கில் அது தலையைத் தூக்கி, தண்ணீர்க் கிண்ணத்தில் நாக்கை இரண்டு முறை வைத்தது. பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கும் மேல் இருந்தது. அந்த மூன்று வருஷமும் வீட்டில் கால் வைத்ததும் நான் முதலில் செய்த வேலை அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்ததுதான். அதற்கு என்னைக் கண்டாலே பிடிக்காமல் போய்விட்டது. அம்மாவிடம் மட்டும் போகும்.

அன்றைக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நாங்கள் இருவர் மட்டும். கூடை அம்மாவின் மடியில். கடலூர்க் கடைத்தெரு எல்லாம் தாண்டும்வரை கூடைக்குள் கையை விட்டுப் பூனையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“அந்தம்மாகிட்ட எதுக்குடா சொன்ன? மூணு வாட்டின்னு மட்டும் சொல்லியிருந்தா போதும்ல. நான்தான் திட்டு வாங்கிக்கிட்டனே.”

எனக்குத் தலைக்கு ஏறியது. “எதுக்கு வாங்கிக்கிற? நீ யாரு எனக்காக வாங்கிக்கிறதுக்கு? என்னைத் திட்டேன் ஒரு தடவை! பூனையைக் கொல்லப் பாத்தன்ல? உன் வாயில வராதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ தப்புடான்னு சொல்லேன்!”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அம்மா கூடையின் வாயை முந்தானையால் மூடினாள்.

“கத்தாத” என்றாள். “அது பயப்படுது.”

 கோபம் போகவில்லை. கூடைக்காக வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.