வெள்ளாமை இல்லாத தோட்டம்

1981 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை. கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்குப் போகும் முதல் பஸ் 5.15க்குப் புறப்படும் என்று நிலையத்துப் பலகை சொல்கிறது. பலகையை நம்பி, சுபஹுத் தொழுததும் கல்முனைக்குடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். பஸ் 5.50க்கு வந்தது. நேர அட்டவணை எழுதுபவரும் பஸ் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. முப்பத்திரண்டு வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காணிக் கிளையில் இருந்தவனுக்கு இது புதிதல்ல.

கட்டணம் மூன்று ரூபா எழுபத்தைந்து சதம். தூரம் இருபத்து மூன்று மைல்.

"ஹாஜியார், எவடத்துக்கு?" என்றார் கண்டக்டர்.

"திருக்கோவில். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல தம்பி."

"அதுக்கென்ன, போகத்தானே போறீங்க. இப்பவே அட்வான்ஸா வெச்சிக்கங்க."

பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றப்படி அன்று சிரிக்க அதிகம் இருக்கவில்லை.

போகும் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருக்கோவிலுக்கு மேற்கே ஐந்து மைலில் மருதடிக் குளம் என்றொரு குளம். அதன் தென்கரையில் ஆறு ஏக்கரில் ஒரு பழைய தோட்டம். குளத்தைத் திருத்திக் கட்டிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வைத்தது. அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. 'இஞ்சினியர் துரை' என்றால் போதும். அவருக்கும் வெகுகாலம் முன்பே, யாரோ ஓர் அரசன் காலத்துக் கற்படிக் கேணியொன்று அதே இடத்தில் இருந்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எருமை மேய்க்கிறவர்கள்தான். அந்தத் தோட்டத்தைக் காக்கும் வள்ளிப்பிள்ளை என்ற பெண், ஆரையோ கொண்டு எழுதுவித்த தபாலட்டை ஒன்று போன கிழமை எனக்கு வந்தது:

"வெள்ளாமை இல்லை எண்டு எழுதிப் போனீங்க. இப்ப முளை அடிச்சிரிக்கு. செவ்வாய் ரெண்டு மணிக்கு விசாரணைக்கு வருவாங்களாம். எழுதினவர் வந்து அழிக்கணும்."

நடப்பதற்கு நல்ல இடம் என்று பல வருடமாக நண்பர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன். காரணம் கட்டுரையின் முடிவில் விளங்கும்.

7.30. காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் கடந்து திருக்கோவில். கடல் ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று வந்த பாதை முழுவதும் பெரும்போக அறுவடை முடிந்து, வெட்டிய கதிரை மலைபோல் குவித்த சூடுகள் நின்றன. கோயிலடியில் ஒரு பிளேன்டீ நாற்பது சதம். சூடடிக்கும் களவெட்டிக்கு வெறுமையாகத் திரும்பிய டிராக்டர் ஒன்றில் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஓட்டியவர் காசு வாங்கவில்லை.

"குளத்தடியில ஆரைப் பாக்க?"

"தோட்டத்தை."

"அதையா? வயலாகப் போகுதாம். எனக்கும் ரெண்டு ஏக்கருக்கு எழுதிப் போட்டிரிக்கன்," என்றார், வெகு சந்தோஷமாக. காணி இல்லாதவருக்குக் காணி வேண்டும். அவர் மனுவை நான் பார்த்திருந்தால் நானே சரி என்று குறித்திருப்பேன்.

8.40. குளத்து நீரைத் திறந்துவிடும் துருசு. அங்கேதான் நடை தொடங்குகிறது, அங்கேதான் வள்ளிப்பிள்ளையும் நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருசன் அரசாங்கத் தோட்டக்காரனாக இருந்து, சம்பளமும் வேலையும் நின்ற பிறகும் அங்கேயே இருந்து, அங்கேயே இறந்தவன். இவள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

"வந்திட்டீங்களா ஐயா."

"நான் இப்ப ஐயா இல்ல. பென்சன் எடுத்திட்டன்."

"அப்ப உங்கட ஆக்கள் அண்ணனுக்குச் சொல்ற மாதிரி, காக்கா எண்டு சொல்லலாம்."

"சொல்லலாம்."

"ஐயாவா இரிக்கக்குள்ள வந்திரிந்தா உதவியா இரிந்திரிக்கும்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

முதல் வழி அணைக்கட்டின் மேலே. துருசிலிருந்து, மேலதிக நீர் வழிந்தோடும் வான் வரை சரியாக ஒரு மைல்; எனது நடைக்கு இருபத்தைந்து நிமிடம். மேடு பள்ளம் இல்லை. கோல் தேவையில்லை, குடை தேவை. வலப்பக்கம் நீர், பாதிக் குளத்தைத் தாமரை இலை மூடியிருக்கிறது. இடப்பக்கம் அறுத்த தாளின் ஒட்டு மட்டுமே மிஞ்சிய வயல். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. சுற்றுலாப் பயணிகள் நுவரெலியாவில் குளிருக்குக் காசு கொடுத்து ஏரியைச் சுற்றுகிறார்கள். இங்கே காற்று இலவசம், அதனால்தான் மதிப்பில்லை.

இரண்டாவது வழி வானடியில் கிறுகி, கரையோரம் மருத மரங்களுக்குக் கீழே. முக்கால் மைல். முழுக்க நிழல். வேர்கள் பாதைக்குக் குறுக்கே படிக்கட்டுப்போல் கிடப்பதால் கீழே பார்த்து நடக்க வேண்டும். முடிவில் கேணி. பதினொரு படி தெரிகிறது. தண்ணீருக்குள் எத்தனை என்று இறங்கிப் பார்க்கவில்லை.

"உள்ளுக்கு இன்னும் ஏழு," என்றாள் வள்ளிப்பிள்ளை. "வறட்சிக்கு எண்ணினன். ஒருத்தரும் கேக்கல்ல, அதால சொல்லல்ல."

9.50. மூன்றாவது வழிதான் தோட்டம். சுற்றளவு அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. புளிய மரங்கள் இரண்டு வரிசையாக நின்று உள்ளே கூட்டிப்போகும். அப்புறம் மா, ஜம்பு, அன்னமுன்னா, வேலியில் செவ்வரத்தை. துரையின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கற்றூண். வெயிலின் நிழலில் மணி பார்க்கத் துரை வைத்தது. தகடு எப்போதோ போய்விட்டது. வள்ளிப்பிள்ளை அதன் மேல் மிளகாய் காயவைத்திருந்தாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி பாதி மரத்தைச் சாய்த்தது. சாய்ந்ததில் நாலு மாமரம் படுத்தபடியே வேர் ஊன்றி, படுத்தபடியே காய்க்கின்றன. குனியாமல், ஏறாமல், உட்கார்ந்துகொண்டே மாங்காய் பறிக்கக்கூடிய தோட்டம் இலங்கையில் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

அவற்றுக்கிடையில்தான் நில அளவைக்காரர் அடித்த முளைக்கட்டைகள். வெள்ளைப் பூச்சுப் பூசிய தலையோடு, இருபது முழத்துக்கு ஒன்றாக. ஒன்று சாய்ந்த மரத்தின் வேருக்குள்ளேயே அடிக்கப்பட்டிருந்தது.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். சூறாவளிக்கு அடுத்த வருடம் காணிக் கணக்கெடுப்புக்காக நான் இங்கே வந்தேன். படிவத்தில் ஏழாம் நிரல்: 'வேளாண்மை உண்டா?' உண்டு என்றால், வைத்தவரைக் கேளாமல் அந்தக் காணியைப் பங்கிட முடியாது. இல்லை என்றால் அது வெறுங்காணி, பங்கிடலாம். அச்சடித்தவருக்கு வேளாண்மை என்றால் எந்தப் பயிரும்தான். எங்கள் கரையில், கல்முனையிலும் நற்பிட்டிமுனையிலும் திருக்கோவிலிலும், வெள்ளாமை என்றால் நெல். நெல் மட்டும். தென்னந்தோப்பு வைத்திருப்பவனிடம் வெள்ளாமை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான்.

நான் கேட்டேன். "வெள்ளாமையா? இல்லை ஐயா, இது தோட்டம்," என்றாள் வள்ளிப்பிள்ளை. நான் 'இல்லை' என்று எழுதினேன்.

எனக்கு விளங்காமல் எழுதவில்லை. என் மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் நற்பிட்டிமுனையில் இருக்கிறது. வீட்டில் நானும் அந்தச் சொல்லை நெல்லுக்குத்தான் சொல்கிறேன். ஆனால் மணி பன்னிரண்டரை, ஜீப் காத்து நின்றது, கட்டம் ஒரு சொல்லுக்கு மேல் கொள்ளாது. அவள் சொன்னதில் பாதி கட்டத்துக்குள் அடங்கியது. மற்றப் பாதியை விட்டுவிட்டேன். அன்று பகலுக்கு ஆற்று மீன் கறி என்பதுவரை நினைவிருக்கிறது.

11.30. இருவருமாக மரங்களை எண்ணினோம். காய்க்கும் மரம் அறுபத்தொன்று. படுத்துக் காய்ப்பவை அதில் நாலு. பதிவைத் திருத்தக் கேட்டு நான் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில் எண்ணிக்கையைச் சேர்த்து, அவளிடம் கைநாட்டு வாங்கினேன். பிறகு சாய்ந்த மரமொன்றில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம்.

"அவர் கேப்பார், வேளாண்மை உண்டா எண்டு. நீ ஓம் எண்டு சொல்லணும்."

"நெல்லு இல்லையே காக்கா."

"நெல்லைக் கேக்கல்ல அவர். மரத்தைத்தான் கேக்கிறார்."

"மரத்தைக் கேக்கிறெண்டா மரம் எண்டு கேக்க வேண்டியதுதானே."

"படிவத்தில அப்பிடி இல்ல."

"அப்ப படிவத்தைத்தானே திருத்தணும். என்னை என்னத்துக்குத் திருத்திறீங்க?"

சோறும் மாங்காய்ச் சம்பலும் தந்தாள். சாப்பிட்டு முடியுமட்டும் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரி. ஓம் எண்டுறன். பாவம் உங்களுக்கு."

2.20. ஜீப் வந்தது. இறங்கிய காணி உத்தியோகத்தருக்கு முப்பது வயது. என்னிடம் வேலை பழகியவர். நல்லவர்; என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். முக்கியமாக, அவர் சம்மாந்துறையில் பெருவயல்காரப் போடியார் குடும்பத்துப் பிள்ளை. நெல்லுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்.

ஏழாம் நிரலுக்கு வந்தார். "வெள்ளாமை செய்றீங்களா உம்மா?"

வள்ளிப்பிள்ளை என்னைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் போகம்?"

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எத்தின மூடை கண்ட? தண்ணி எந்த வாய்க்காலால வாற?"

"மனே," என்றாள் வள்ளிப்பிள்ளை மெதுவாக, "நெல்லு இல்லை. காக்கா சொல்லச் சொன்னார்."

நான் எழுந்து கடிதத்தை நீட்டி விளக்கினேன். முதலில் நான் எழுதிய 'இல்லை' பிழை என்றும், அச்சுத் தமிழில் இவள் இப்போது சொன்ன 'ஓம்' சரி என்றும், சொல் ஒன்று பொருள் இரண்டு என்றும். இலக்கணத்தில் அது நல்ல விளக்கம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், எனக்கு விளங்குது. ஆனா பதிவைத் திருத்த, எழுதின உத்தியோகத்தர் பதவியில இரிக்கணும். பென்சன் எடுத்தவங்கட கடிதத்தைக் கோப்பில சேர்க்க வேணாம் எண்டு குறிப்பு இரிக்கி."

"தெரியும்."

"கையெழுத்து உங்கடதான் சேர்."

"அதுவும் தெரியும்."

மூன்று பேருடைய கடிதங்களை அந்தக் குறிப்பைக் காட்டி நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் தன் கடிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவரால் முடிந்ததை அவர் செய்தார். நீர்மட்டத்திலிருந்து ஒரு சங்கிலி, அதாவது அறுபத்தாறு அடி, குளத்துக்கு ஒதுக்கு. அதைப் பங்கிட முடியாது. நாடாவை அவரே பிடித்து அளந்தார். கேணி தப்பியது. பதினாலு மரம் தப்பியது. படுத்த மரங்களில் ஒன்றும். வள்ளிப்பிள்ளையின் குடில் எண்பது அடியில் இருந்தது. நாடாவை இன்னொரு தடவை, சற்று இழுத்துப் பிடித்துப் பார்த்தார். எழுபத்தொன்பது.

முன்னுக்குப் பின் முரணான விடை என்று எழுதாமல், 'ஓம்' என்பதை வெட்டி 'இல்லை' என்று மட்டும் எழுதினார். அது தயவுதான். ஜீப்பில் என்னையும் ஏறச் சொன்னார். நடந்து போகிறேன் என்றேன்.

3.45. திரும்பும் வழியும் அணைக்கட்டுத்தான். துருசு வரைக்கும் அவள் கூடவே வந்தாள். கையில் ஒரு சீலைத்துண்டில் எட்டு மாங்காய்.

"இனி எவடத்த போய் இரிக்கப் போற?" என்று கேட்டேன்.

"தம்பிலுவில்ல மகள் இரிக்காள். வீடு சின்னன். ஒள்ளுப்பம் நெருங்கி இரிக்கலாம்."

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. யாருக்கு, எதற்கு, எந்தத் திகதிய செயலுக்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னேன். அவள் மாங்காயை என் கையில் வைத்தாள்.

"வாற வருசம் வந்து கேளுங்க ஐயா," என்றாள். "ஓம் எண்டு சொல்ல ஆக்கள் இரிப்பாங்க."

காலையிலிருந்து காக்காவாக இருந்தவன் மீண்டும் ஐயாவாகி பஸ் ஏறினேன்.

கல்முனைக்குடியில் என் வளவில் மூன்று தென்னையும் ஒரு முருங்கையும் உண்டு. இரவு மாங்காயை வெட்டும்போது மனைவி, "காயே இவ்வளவு இனிப்பா, எந்த ஊர் மரம்?" என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் வளவில் வெள்ளாமை உண்டா என்று யாரும் வந்து கேட்டால் அவளும் இல்லை என்றுதான் சொல்வாள். அவளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்து, எதைச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

போக விரும்புகிறவர்கள் புரட்டாதிக்கு முன் போங்கள். மழைக்கு முன்னர் மரம் தறித்து, வரம்பு கட்டிவிடுவார்கள். முதல் வழியும் இரண்டாவது வழியும் எப்போதும் இருக்கும். மூன்றாவதில், செவ்வரத்தை வேலி முடியும் இடத்தில் இடப்பக்கம் கிறுகினால், உட்கார்ந்துகொண்டே காய் பறிக்கும் மரங்கள் நாலு. பிந்திப் போகிறவர்கள் ஒன்றைத்தான் காண்பார்கள். சுற்றிவர வயல். அப்போது எந்த உத்தியோகத்தர் எந்தப் படிவத்தோடு போய்க் கேட்டாலும், அச்சுத் தமிழிலும் ஊர்த் தமிழிலும் ஒரே விடைதான்: வேளாண்மை உண்டு.