ஏழு வயதுப் பொறுப்பு

தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போன என் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன். உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வேன் அனுப்பும் தனியார் பள்ளி அது. என் மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் அவள் இல்லை. எல்.கே.ஜி. அறையில் இருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு ரொம்பப் பொறுப்பு" என்று சிரித்தார் மிஸ். "ஆயாம்மா வேலைய விட்டு நின்னுட்டாங்க. தீபாவளியிலேர்ந்து இவதான் சமாளிக்கிறா."

பொங்கலே முடிந்துவிட்டிருந்தது. பாராட்டுகிறாராம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ள பாக்கவா மிஸ் இவள அனுப்பினு கீறேன்?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புகள் எட்டிப் பார்த்தன. பையை எடுத்துக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவளோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறக்கிவிட்ட பிள்ளை அழுகிறதாம்.

அன்று சாயங்காலம் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று ஒப்பித்தாள். படத்தைக் கையால் மறைத்தேன். அவ்வளவுதான், வாயே திறக்கவில்லை. ஒரு எழுத்தும் தெரியவில்லை. ரேங்க் கார்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஏ போட்டிருந்தார்கள்.

அரசுப் பள்ளியில் போடு என்றார் என் கணவர். ஜூனில் அங்கேதான் போடுவேன் என்றேன். ஆனால் எங்கே போட்டாலும் இவள் நாலாம் நாள் யார் பிள்ளையையாவது தூக்கிக்கொண்டுதான் நிற்பாள். முதலில் இவளுக்கு உட்காரத் தெரிய வேண்டும், அதுவரை வீட்டில் நானே சொல்லித் தருகிறேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். "என்னமோ பண்ணு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். அவர் தூக்கம் கெடக் கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பாயைப் போட்டேன். கைக்குழந்தையான அவள் தம்பிக்கு அங்கேயே கொட்டகைக் கழியில் தூளி. மூன்று வயதுத் தங்கச்சிக்கு ஒரு பலகை, ஒரு பல்பம். பல்பத்தை அவள் முதல் நாளே தின்று தீர்த்துவிட்டாள்.

எழுத்து வராதது பெரிய விஷயம் இல்லை, சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். இவள் எழுந்து போவதுதான் என்னைக் கொன்றது. தூளி லேசாக அசையும். தம்பி சிணுங்கக்கூட மாட்டான். அதற்குள் இவள் பாயில் இருக்கமாட்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்து போய் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டுவாள், பிள்ளை பெற்றவள் கணக்காக. "உக்காருடி" என்று கத்துவேன். "தம்பி அழுவுறானேம்மா" என்பாள், கண்ணில் தண்ணீரோடு. "அழட்டும். நான் பாக்கறேன். நீ உக்காரு." பெற்ற பிள்ளை அழட்டும் என்று சொல்லும் தாயைத் தெரு என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

தெரு பேசியதோடு நிற்கவில்லை. பெண் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வேலை வைத்தார்கள். முதலில் வந்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார். நவரைப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்த நேரம். பேரனைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் வந்து, அவனை என் பெண்ணின் மடியில் உட்கார வைத்தார். புத்தகத்தின் மேலேயே.

"நடவுக்குப் போறேன். மதியானம் வரைக்கும் பாத்துக்கட்டும். வூட்லதான கீறா."

"அவ படிக்கிறா அண்ணி."

"இன்னாம்மா இது! பள்ளிக்கொடத்துக்கும் அனுப்பாம, ஒரு வேலையும் வாங்காம, பொண்ண சும்மா குந்த வெச்சிக்கினு கீற?"

"சும்மா குந்துறதுக்குத்தான் அண்ணி கத்துக் குடுத்துக்கினு கீறேன்" என்றேன். பேரனைத் தூக்கி அவர் இடுப்பிலேயே வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தூளியிலிருந்த தம்பியையும் எடுத்து அவருடைய இன்னொரு கையில் கொடுத்தேன். "வந்தது வந்துட்டீங்க, இந்தப் பாடம் முடியிற வரைக்கும் இவனையும் வெச்சிக்கினு இருங்க."

அன்றிலிருந்து அதுதான் என் வழக்கம். அறிவுரை சொல்ல யார் வந்தாலும் மடியில் தம்பி. ஸ்கூலை விட்டு நிறுத்தினால் போலீஸ் வரும் என்று பயமுறுத்த வந்தவரின் வெள்ளை வேட்டியில் தம்பி ஒன்றுக்குப் போனான். எனக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்ச நாளில் அறிவுரைக்கு ஆளே வரவில்லை. என் நாத்தனார் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மிஸ்ஸிடமும் நாத்தனாரிடமும் கத்திவிட்டேன். வீட்டுக்குள் ஒரு ஆள் பாக்கி இருந்தார், என் கணவர். அவரும் கெட்டவர் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளை அழுதால் எழ வேண்டியது தானும்தான் என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றியதே இல்லை. இனி அவரிடமும் கத்த எனக்கு அலுப்பாக இருந்தது.

மாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு லீவு. கூடத்துக் கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் என்பதால் தூளியையும் பாயையும் கூடத்துக்கே கொண்டுவந்திருந்தேன். நான் அடுப்பங்கரை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் செதில். அவள் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். படமே இல்லாத பக்கம். எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, முதல் முறையாக, ஒரு முழு வரி.

தம்பி வீறிட்டான்.

அவள் முழங்கால் பாயிலிருந்து எழும்பியதைப் பார்த்தேன்.

போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "பாப்பா, தம்பி அழுவுறான் பாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். வரியில் வைத்த விரலை எடுக்கவில்லை.

"நீ பாருப்பா. நான் படிச்சிக்கினு கீறேன்."

அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்த பேச்சு என்று. நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி இன்னும் பலமாக அழுதான். அவள் அதைவிடப் பலமாக அடுத்த வரியைத் தொடங்கினாள். அதை முடித்து அதற்கடுத்த வரிக்கு அவள் போனபோதுதான் கட்டில் அசையும் சத்தம் கேட்டது.