லமினேற் செய்த மருந்துத் துண்டு

என் மனைவியின் வலக்கை முறிந்ததற்குக் கிணற்றடிப் பாசிதான் காரணம் என்று நயினாதீவில் கேட்ட எல்லோருக்கும் சொன்னேன். அது பாதி உண்மை. அவள் வழுக்கியது ஒரு சாண் உயரப் படியில். அப்படி விழுந்தால் கை நோகலாம், முறியக்கூடாது.

முப்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். என்பு என்றால் கரும்பலகையில் ஒரு தூணைக் கீறி, 'உடலைத் தாங்குவது' என்று பக்கத்தில் எழுதுவேன். பிள்ளைகளும் அதையே எழுதிப் புள்ளி வாங்கினார்கள். அந்தத் தூண் உயிருள்ளது என்று நான் ஒருநாளும் மனதார நினைத்ததில்லை.

அவளுக்கு இழுப்பு, மூச்சு முட்டும். ஒருமுறை அது கடுமையானபோது யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர் துண்டொன்றில் சின்ன வெள்ளைக் குளிசை எழுதித் தந்தார். உடனே சுகம் கண்டது. திரும்பக் கிளினிக்குக்குப் போவதென்றால் காலையில் வள்ளம், குறிகட்டுவானில் பஸ், பிறகு மத்தியானம்வரை வாங்கில் காத்திருப்பு. எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல். வேறு காரணம் இல்லை. அந்த மருந்துத் துண்டு கடல்தண்ணீர் பட்டு நையாமலிருக்க அதை லமினேற் செய்து வைத்துக்கொண்டேன். மருந்துக்கடையில் நின்றவர் என்னிடம் படித்தவர். "சேர் கொண்டுவந்தால் அது பிழையாய் இருக்குமே?" என்று திகதியைப் பாராமலே தருவார். 'பத்து நாளைக்கு' என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் ஏழு வருடம் கொடுத்தேன். இடையில் அவள் உயரம் குறைந்து கட்டையாகி, சேலைக்கரை நிலத்தில் இழுபடத் தொடங்கியது. "வயசுதானே" என்றேன்.

கைமுறிவுக்குப் போன இடத்தில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெண் வைத்தியர், "இந்தக் குளிசையை இவ்வளவு காலம் ஆர் போடச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான் டொக்டர். இவரைக் கரைச்சல்படுத்தி வாங்குவிச்சனான்," என்றாள் மனைவி.

நான் கதிரையில் இருந்தபடி மருந்துத் துண்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

வைத்தியர் அவளை ஏசவில்லை. முதுகெலும்புகளில் இரண்டு மூன்று ஏற்கெனவே நசிந்துவிட்டன, அவை பழையபடி நிமிரா என்றார். குளிசையை ஒரேயடியாக நிறுத்தாமல் மெல்லக் குறைத்து, இழுப்புக்கு வாயால் உறிஞ்சும் பம்ப் தருவதாகச் சொன்னார். "கை பொருந்தச் சுணங்கும் அம்மா, கனநாள் எடுக்கும். பொருந்தாமலும் போகலாம்."

பொருந்துமா என்ற அந்தக் கேள்வியோடுதான் அடுத்த கிழமைகள் போயின. நான் தொலைபேசியில் தேடி, எழுபத்தாறு வயதில் என்பைப் புதிதாகப் படித்தேன். நம்முடைய எலும்பு முழுதாகக் கட்டி முடித்த பொருளே அல்ல. ஒருவகை உயிர்க்கலங்கள் பழசாகிப்போன இடத்தில் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து அதைக் கரைக்கின்றன. பின்னால் வேறுவகைக் கலங்கள் வந்து அந்தக் குழியைப் புது என்பால் நிரப்புகின்றன. நிரப்பும்போதே அவற்றில் சில தாம் கட்டிய என்புக்குள்ளேயே புதைந்துபோகின்றன. புதைந்தும் சாவதில்லை. மயிரிலும் மெல்லிய வழிகளால் ஒன்றையொன்று தொட்டபடி, எங்கே பாரம் விழுகிறது, எங்கே வெடிப்பு என்று அறிந்து மற்றவற்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இதை வாசித்த அன்று வியப்பில் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் கொடுத்த குளிசையோ கட்டும் கலங்களை ஒடுக்கிவிட்டு, கரைப்பவற்றைத் தம்பாட்டில் விட்டிருந்தது.

அவளுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்தப் போனேன்.

"இஞ்சேருங்கோ, எனக்குக் கைதான் முறிஞ்சது, வாய் இல்லை," என்று இடக்கையால் கரண்டியைப் பறித்தாள். பாதிச் சோறு மடியில் விழுந்தது. பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டாள். "உங்கட கலங்கள் என்ன செய்யுதாம் இண்டைக்கு?"

"வேலை செய்யுதுகளாம்."

"நல்லது. வீட்டில ஒண்டாவது வேலை செய்யட்டும்."

மாவுக்கட்டை வெட்டிய நாளில் புதுப் படத்தில், முறிந்த இடத்தைச் சுற்றி வெண்மையாக ஒரு தடிப்புத் தெரிந்தது. "பொருந்தியிட்டுது," என்றார் வைத்தியர். இந்தத் தடிப்புத் தேவைக்கு அதிகமாம். கரைக்கும் கலங்களும் கட்டும் கலங்களுமாகச் சேர்ந்து மாதக்கணக்கில் அதைச் செதுக்கிப் பழைய வடிவுக்குக் கொண்டுவருமாம். அத்தனை வருடம் அடங்கிக் கிடந்தும் அந்தக் கலங்கள் வேலையை மறக்கவில்லை. நான் கதிரையை விட்டு எழுந்தேன்.

"டொக்டர், அண்டைக்கு இவ சொன்னது பொய். பழைய துண்டைக் காட்டி வாங்கிக் குடுத்தது நான். இவ கேக்கேல்லை. வயசெண்டு சொல்லிக் கிளினிக்குக்கு வராமல் மறிச்சதும் நான்."

வைத்தியர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கோப்பில் எதையோ வெட்டித் திருத்தி எழுதினார். பிறகு அவளிடம், "கைக்கு வேலை குடுங்கோ அம்மா. பாரம் விழுந்தால்தான் எங்க கட்டவேணும் எண்டு எலும்புக்குத் தெரியும்," என்றார்.

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கமாய்த் திரும்பி இருந்தாள். மடத்துவெளி தாண்டியதும் கேட்டேன், "கோவமே?"

"முதுகு இனி நிமிராதாம். கோவம் இல்லாமல் இருக்குமே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் கூடுதலாய் இருந்திருக்கும்."

குறிகட்டுவானில் வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது. நான் முதலில் உள்ளே இறங்கி, அவள் இறங்குவதற்குக் கை நீட்டினேன். அவள் பார்த்தாள்.

"உங்களைப் பிடிச்சால் ரெண்டுபேரும் தண்ணிக்குள்ளதான். தள்ளி நில்லுங்கோ."

மெலிந்து வெளுத்திருந்த வலக்கையால் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தானே இறங்கினாள்.