கோணலாய்ப் பதிந்த கல்யாணக் கசெட்

மேட்டிலும் பள்ளத்திலும் வேறுபாடின்றி நிற்கும் பெருமானே, மறப்பவனையும் மறவாதவனே, உன் திருவடியை நினைந்து இதைத் தொடங்குகிறேன். எனக்குச் சாதகமாக நான் எதையும் மாற்றி எழுதாதபடி என் கையைப் பிடித்துக்கொள்.

இன்று தைப்பூச நன்னாள். காலையில் அபிஷேகம் கண்டு, கோயிற் படிகளில் இறங்கி வந்து, ஈர வேட்டி உலருமுன் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வீடியோ டெக் இருந்தது. மத்திய கிழக்கில் வேலை பார்த்த என் மைத்துனர், மனைவியின் தம்பி, விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து தந்தது. தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பியால் கமராவோடு இணைத்துப் படம் பிடிக்கலாம். வீட்டில் ரிவியோடு இணைத்துப் பார்க்கவும் செய்யலாம். அது வந்த மறு ஆண்டு ஆடி மாதத்தில்தான் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் தெருமுனைக்கும் கூட்டம் வந்துவிட்டது என்று கேட்டதும், என் மனைவி நகையையும் விட்டுவிட்டு டெக்கைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்கு ஓடினாள். அப்பால் நின்ற பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா, "தென்ன, தென்ன" என்று இரு கைகளையும் நீட்டினார். கை தவறியது. பெட்டி அவருடைய காலடியில் ஒரு மூலை பட விழுந்தது. பிறகு நாங்களும் அதே மதிலேறி அவருடைய விறகுக் கொட்டிலில் இரண்டு நாள் இருந்தோம்.

திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கதிரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. டெக் மட்டும் மூலை நசுங்கிய நிலையில் வேலை செய்தது. அதைக் கண்ட நாள்முதல் எனக்கு அது வெறும் இயந்திரமாகத் தெரியவில்லை. பூசை அறையிலேயே ஒரு பலகை போட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் கசெட் நுழையும் வாய்க்கு மேலே மூன்று விரலால் திருநீறு இட்டேன். சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும்.

அந்த டெக்கிலேதான் எங்கள் ஒரே மகளின் கல்யாணத்தை மைத்துனர் படம்பிடித்தார். போர் சற்று ஓய்ந்து புகையிரதம் ஓடிய ஓர் இடைவேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா வந்திருந்தா. தாலி ஏறிய கையோடு, எவரும் கேளாமலே, மணவறை ஓரத்தில் நின்று ஒரு பதிகம் எடுத்தா. பதிகத்தை எடுத்தால் கடைசிப் பாட்டுவரை பாடித்தான் நிறுத்தவேண்டும், இடையில் விடுவது அபசாரம் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. கோயிலில் எவராவது நடுவில் நிறுத்தினால் வழிமறித்துத் திருத்துகிறவன் நான். அந்தக் குரல் கசெட்டில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கல்யாணம் முடிந்த வாரம், வீடு நிறைந்த விருந்தினர் பேச்சுக்கிடையே ஒருமுறை போட்டுப் பார்த்தோம். பிறகு தேய்ந்துவிடும் என்று அஞ்சி, பட்டுத் துணியில் சுற்றிச் சுவாமி படத்தின் கீழே வைத்துவிட்டேன். மகள் கணவனோடு வெளிநாடு போனாள். வடக்குப் பாதை மூடியது.

அக்கா இறந்த செய்தி நாற்பது நாள் கழித்து ஒரு கடதாசித் துண்டில் வந்தது. கொள்ளி வைத்தவர் யார் என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை. போக வழியில்லை. ஆண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்காவது அவவுடைய குரல் இந்த வீட்டில் ஒலிக்கவேண்டும் என்று நினைத்துக் கசெட்டை எடுத்து டெக்கில் போட்டேன். திரை முழுதும் வெள்ளைப் புழுதி. நாடாவைக் கடித்துவிடுமோ என்ற பயத்தில் உடனே நிறுத்தினேன்.

"இஞ்சாருங்கோ, உதுக்கு வயசு போச்சு," என்றாள் மனைவி. "உங்களுக்கே கந்தோரில பென்சன் தந்து அனுப்பிப்போட்டாங்கள். உதை மட்டும் ஏன் வேலையில வைச்சிருக்கிறியள்?"

"எங்களோட மதிலேறி வந்தது. எறியச் சொல்லுறீரோ?"

"நானும்தான் மதிலேறினனான். எனக்கு ஒரு வெள்ளியாவது விபூதி பூசிவிட்டியளோ?"

திருத்துவதா, புதிது வாங்குவதா என்று ஒரு மாதம் இப்படியே போயிற்று. அதற்குள் அவள் மகளுக்கு எழுதிவிட்டாள். மகளின் சிநேகிதி ஒருத்தி கொழும்புக்கு வந்தபோது புது டெக் ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்பு, மெல்லியது, தொட்டால் கசெட்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். வாடகைக் கடைப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், கண்ணாடிபோல் தெரிந்தது. மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் தோல்வியை ஒப்புக்கொண்டு கல்யாணக் கசெட்டைப் போட்டேன்.

படமே இல்லை. சாய்ந்த கோடுகள் ஓடின. நாதசுரம் தண்ணீருக்கடியில் ஊதுவதுபோல் முனகியது. மணவறை இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்த நிறங்கள். அவள் சிரிப்பு நின்றது. கசெட் செத்துவிட்டது என்றே நினைத்தேன். அக்கா இரண்டாம் முறையும் நான் இல்லாத இடத்தில் போய்விட்டா என்று தோன்றியது.

கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் மனிதர் ரேடியோ, டெக் திருத்துவார் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள். பழைய டெக்கையும் கசெட்டையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனைப் பாலத்தடியில் இறக்கிச் சோதித்தார்கள். பைக்குள் கம்பியும் பெட்டியும் கண்ட சிப்பாய், "மொனவாத மே?" என, இது என்னவென்று கேட்டு, இரண்டடி பின்வாங்கித் துவக்கை நிமிர்த்தினான். என் நெற்றியில் திருநீறு, அடையாள அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம். வாழ்நாள் முழுதும் கந்தோரில் பேசிய சிங்களம் அந்தக் கணத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தில் நின்ற கிழங்கு வியாபாரி ஒருவர், "வீடியோ எகக் மஹத்தயா, வீடியோ எகக்" என்று எனக்காகச் சொன்னார். பெட்டியின் வாயைத் திறந்து காட்டச் சொன்னான். பட்டன் மூன்றாம் முறைதான் பிடித்தது.

திருத்துகிறவருக்கு நாற்பது வயதிருக்கும். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மூடியைக் கழற்றினார். விளக்கைக் கிட்டப் பிடித்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இதுக்குள்ள மா அரைச்சீங்களா?"

உள்ளே எல்லா இடத்திலும் வெண்மை. சக்கரங்களின் அடியில், பட்டிகளின் மேல், சுழலும் உருளையைச் சுற்றி. அவர் விரலில் தொட்டுப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"இது மணல் மாதிரி ஐயா. படத்த வாசிக்கிற ஹெட் ரெண்டும் தேஞ்சீக்கிது. வேற டெக்கெண்டா எப்பவோ மௌத்தாப் போயீக்கும்."

பத்து வருட வெள்ளிக்கிழமைகள். நான் காப்பதாக எண்ணி இட்ட திருநீறு ஒவ்வொன்றும் அந்த வாய்வழியே உதிர்ந்து, உள்ளேயிருந்து அதை அராவியிருக்கிறது. அவர் ஒரு மெல்லிய தூரிகையால் அத்தனையையும் கூட்டி, ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து மடித்து என் கையில் தந்தார்.

"கீழ கொட்டல்ல. உங்கட சாமிட சாமான்தானே."

அதன்பின் கசெட்டைத் தம் கடை டெக்கில் போட்டார். அங்கேயும் அதே கோடுகள். பழைய டெக்கின் நசுங்கிய மூலையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "இது எப்பவாவது உழுந்ததா?"

மதிலைச் சொன்னேன். தலையாட்டினார்.

"அதான். நாடா போற கம்பி சரிஞ்சீக்கிது. அண்டைக்குப் பொறகு இது எடுத்ததெல்லாம் கோணல். கசெட்டுல ஒரு பழுதுமில்ல ஐயா. கோணலா எழுதினதக் கோணலா ஈக்கிற இதுதான் வாசிக்கும். புது டெக் நேரா ஈக்கிது, அதுக்கு விளங்காது."

"அப்ப இதைத் திருத்தினால்?"

"நேராக்கினா இதுக்கும் விளங்காது."

புதிது வாங்கினாலும் இல்லை, திருத்தினாலும் இல்லை. மனைவியும் நானும் ஒரு மாதம் வாதாடியது இந்த இரண்டுக்காகத்தான்.

அவர் ஒரு வழி சொன்னார். கம்பியைத் தொடாமல், ஹெட்டை மட்டும் கழுவி, கசெட்டை ஒருமுறை ஓடவிட்டு, கடை டெக்கில் பிரதி எடுக்கலாம். "ஒருக்காப் போகும். ரெண்டாந்தரத்துக்கு நான் பொறுப்பில்ல. என்ன செய்ய, சொல்லுங்க."

"கோணலாகவே இருக்கட்டும். ஓடவிடுங்கோ, தம்பி."

நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் போய் வந்து கம்பிகளை இணைத்தார். படம் வந்தது. மங்கல்தான், ஆனால் முகங்கள் தெரிந்தன. மேளம் கொட்டியது. கூட்டம் கலைய, மணவறை ஓரத்தில் அக்கா நின்றா. பச்சைப் பட்டுச்சேலை, கூப்பிய கை. முதற்பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, போதும், நிப்பாட்டுங்கோ! எங்கட பெரியவர் வந்திட்டார். அங்கால தள்ளி நில்லுங்கோ."

கடுகடுத்த ஒரு குரல். யார் இப்படிப் பேசுவது என்று திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். திரையில் பட்டு வேட்டியோடு, கையில் மாலையோடு நான்.

எனக்கு இது நினைவில் இல்லை. இத்தனை ஆண்டும் பட்டில் சுற்றி வைத்து, அக்காவின் முழுப் பதிகம் அதில் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் பாட்டின் முதலடியில் அதை நிறுத்தியவன் நானே. வந்தவர் என் கந்தோர் மேலதிகாரி. அவருக்கு மாலை போட்டேன். கமரா அவர் பக்கம் திரும்பிற்று. திருத்துகிறவர் என்னைப் பார்க்காமல் ஏதோ திருகாணியைத் தேடினார்.

அப்போதுதான் கண்டேன். அதிகாரியின் தோளுக்குப் பின்னால், தூணோரம், சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்துக்கொண்டு அக்கா ஒதுங்கி நின்றா. மேளச் சத்தத்தில் குரல் இல்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது. எழுந்து திரையருகே போய் நின்றேன். அந்த உதட்டோடு என் உதடும் போயிற்று. நான்காம் பாட்டு, ஐந்தாம் பாட்டு என்று எந்த இடமும் தப்பவில்லை. என் அதிகாரி மணமக்களோடு படம் எடுத்து, பலகாரம் உண்டு, விடைபெற்றுப் போகும்வரை அவ நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கையைத் தலைக்கு மேல் குவித்தா. பிறகு மகளின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யப் போய்விட்டா.

சிறிது நேரத்தில் திரை வெளுத்தது. பழைய டெக் அதன்பின் ஒன்றையும் காட்டவில்லை.

"எடுத்தாச்சு ஐயா. புதுசுல போகும்," என்று பிரதியைத் தந்தார். "இனி இத நேராக்கவா?"

வேண்டாம் என்றேன்.

ஆட்டைத் திவசத்தன்று பிரதியைப் புது டெக்கில் போட்டோம். என் குரல் வந்த இடத்தில் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஓசையின்றிப் பாடிய பாட்டுகளை, அவவுடைய உதட்டைப் பார்த்துப் பார்த்து, நான் உரக்கப் பாடினேன். தாளில் மடித்து வந்த திருநீற்றை அன்றைக்கு இருவரும் பூசிக்கொண்டோம். புது டெக்கின்மேல் ஒன்றும் பூசுவதில்லை.

இதை வாசிக்கும் யாவரும் நோயின்றி வாழ்க. உங்கள் வீட்டுக் குரல்கள் இடையில் அறுபடாதிருக்கட்டும். அறுபட்டாலும், கடைசிப் பாட்டுவரை அவற்றைக் கேட்டிருக்கும் பெருமான் உங்களுக்குத் துணை நிற்க.