ஏரோப்பிளேன் கொட்டாயும் ஒரு ரப்பர் குழாயும்

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது விளக்கெண்ணெய் வாசனைதான். விளக்கெண்ணெய் குடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்; அதை இன்ஜினுக்கு மசகெண்ணெயாகக் குடித்துவிட்டு வானத்துக்கு ஓடிய ஒன்று எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும், துணி இறக்கை கட்டிய பழைய விமானம். வெள்ளைக்காரன் காலத்தில் அதை வாங்கிப் பறந்த மில் முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு, அவர் குடும்பத்தார் சுவரில் சில படங்களை மாட்டி, வாசலில் ஒரு பலகையும் வைத்து, அதை மியூசியம் என்றார்கள். அவிநாசி ரோட்டு ஜனங்களுக்கு அது "ஏரோப்பிளேன் கொட்டாய்".

அப்பா அந்தக் கொட்டாயின் காவல்காரர், துப்புரவாளர், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவர் எல்லாம். அதற்கு முன் அதே முதலாளியின் மில்லில், நெசவுக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் "சைசிங்" பிரிவில் வேலை பார்த்தவர். மில்லை மூடியபோது இந்த வேலையையும், மில் காம்பவுண்டுக்குள்ளேயே கொட்டாய்க்குப் பின்னால் ஓர் அறை வீட்டையும் கொடுத்தார்கள். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கையில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் அப்பா என்னிடம் பேசியதெல்லாம் "சாப்ட்டயா கண்ணு", "கதவச் சாத்திக்கோ அம்மணி" என்கிற அளவில்தான். கோபமில்லை, பேச்சு வரவில்லை, அவ்வளவே. மூடிய மில்லின் கேட்டைத் தாண்டி என்னோடு விளையாட எந்தப் பிள்ளையையும் அதன் வீட்டார் அனுப்பவில்லை.

எனக்கு இருந்தது அந்த விமானம். பள்ளிக்கூடம் விட்டதும் அதன் பின் இருக்கையில் ஏறிக்கொள்வேன். முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் இரைச்சலில் பேசிக்கொள்வதற்காக அதில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதை வாயருகே வைத்து வகுப்பில் நடந்தது, மதியச் சோற்றில் கல் கிடந்தது, அம்மா முகம் கொஞ்சங்கொஞ்சமாக மறந்துவருவது எல்லாவற்றையும் சொல்வேன். முன் இருக்கையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. தலைக்கு மேலே நிஜ விமானம் இறங்கும்போது தகரம் அதிரும், நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், பெங்களூரின் பெரிய மியூசியத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்ப்பார், விமானம் இங்கே கெட்டுப்போகிறது என்று அவர் சொன்னால் அங்கேயே கொடுத்துவிடுவோம் என்று முதலாளி வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அப்பா கொட்டாய்க்குள் போய் இறக்கையைத் தடவியபடியே வெகுநேரம் நின்றார். மேல்பூச்சு உதிர்ந்து, துணி பழைய கட்டில் நாடாபோலத் தொய்ந்திருந்தது.

"தொய்ஞ்ச துணிக்கு என்ன அம்மணி, கஞ்சி போட்டா நிமிந்துரும்" என்றார். மரவள்ளி மாவைக் கரைத்து, மில்லில் செய்ததைப்போலவே பதம் பார்த்துக் காய்ச்சி, இறக்கை முழுக்கப் பூசினார். காய்ந்ததும் விரலால் சுண்டினால் பறை மாதிரி சத்தம் கேட்டது. அப்பா சிரித்ததை அன்றுதான் நெடுநாள் கழித்துப் பார்த்தேன். இனி அது எங்கும் போகாது என்று நான் குழாயில் சொல்லிவைத்தேன்.

நிபுணர் சொன்ன மாதத்தில் வரவில்லை. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கொட்டாய் ஒழுகியது, கஞ்சி புளித்த வாடைக்கு மில்லின் எலிகளெல்லாம் விருந்துக்கு வந்துவிட்டன. அவர் வந்து இறக்கையடியில் குனிந்தபோது ஓட்டைகள் வழியே கூரை தெரிந்தது. நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு மழை தாங்காதுங்க. நாங்க எடுத்துட்டுப் போயிடறோம்" என்றார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க செஞ்சுபோட்டேன்" என்றார் அப்பா.

லாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் நான் பின் இருக்கையில் அழுதுகொண்டிருந்தேன். விமானம் லேசாக ஆடியது. அப்பா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவர் முதுகு மட்டுந்தான் தெரிந்தது. குழாயில் மூச்சு வந்தது, பிறகு குரல் வந்தது.

"ஏங்கண்ணு, கேக்குதா?"

"கேக்குதுங்கப்பா."

"உங்கம்மா இருந்திருந்தா உன்னைய இப்பிடித் தனியா உட்டிருக்க மாட்டா. எனக்குப் பேசத் தெரியலயே கண்ணு."

இருட்டும்வரை பேசினார். அம்மாவுக்கு முருங்கைக்காய் பிடிக்கும் என்றார், சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்றார், காய்ச்சலை லேசாக எடுத்துக்கொண்டது தன் தப்பு என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். மறுநாள் இறக்கைகளைக் கழற்றி விமானத்தை ஏற்றிப் போனார்கள். அதன்பின் எங்களுக்குள் பழையபடி "சாப்ட்டயா கண்ணு"தான்.

போன மாதம் பெங்களூர் போயிருந்தேன். அப்பா இப்போது இல்லை. கொட்டாய் இருந்த இடத்தில் ஒரு கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. விமானம் மட்டும் அந்தப் பெரிய மியூசியத்தில் புதுத் துணி உடுத்தி, வெளிச்சத்தில், கயிற்று வேலிக்குள் அழகாக நிற்கிறது. எலிகள் வராமலிருந்தால் அது எங்கள் கொட்டாயிலேயே மக்கிப்போயிருக்கும். விளக்கெண்ணெய் வாசனை துளியும் இல்லை. ரப்பர் குழாய் எங்கே என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். ரப்பர் இற்றுப்போனதால் கழற்றிவிட்டார்களாம்.

அவர் நகர்ந்ததும் கயிற்றருகே குனிந்து, "கேக்குதுங்கப்பா" என்றேன்.

அவர் திரும்பி வந்து, "என்ன மேடம், ஏதாவது கேட்டீங்களா?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.